காலி நாற்காலிகளின் கூட்டம்

என் அத்தை ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் பதினாறு வருடமாக இஸ்திரி போடுகிறாள். அப்பாவின் தங்கை. என்னை வளர்த்த பாவமும் அவளையே சேரும். அவள் மடித்த படுக்கை விரிப்பின் ஓரத்தால் காய் நறுக்கலாம், அவ்வளவு கூர்மை. துணிக்குத் தண்ணீர் தெளிக்க இரண்டு பாட்டில் வைத்திருப்பாள். ஒன்றில் தண்ணீர். மற்றது துணிக்கு அல்ல, வாய்க்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை பாட்டில் மாறிப்போனது. இரண்டாம் மாடித் தலையணை உறைகள் அத்தனையும் சாராய வாசனையோடு விருந்தினர் அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மேலாளர் கத்தவில்லை. "இன்னொரு தடவை இந்த வாசனை வந்தா உங்களுக்கு இங்க வேலை இல்லம்மா" என்றார், அவ்வளவுதான். கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் சாராயத்தைத் தொடவும் இல்லை. மூன்றாம் நாள் அவள் கையில் தண்ணீர் டம்ளர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு வற்றிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்த நர்ஸ், "குடிய ஒத்த ஆளா விட முடியாதும்மா, இங்க போங்க" என்று ஒரு தாளை நீட்டினார். சனிக்கிழமை, பதினோரு மணி, நூலகக் கட்டடம். எந்த அறை என்று எழுதவில்லை. போய்ப் பார்த்தால் எந்தக் கதவிலும் பலகை இல்லை.

அத்தைக்கு வெட்கம். எதிரே வந்த ஒரு பெண்ணிடம், "தையல் வகுப்பு எங்கங்க?" என்று கேட்டுவைத்தாள். கெட்ட நேரம், அங்கே நிஜமாகவே ஒரு தையல் வகுப்பு இருந்தது. கேட்கப்பட்ட பெண்தான் டீச்சர். "புதுசா? வாங்க வாங்க" என்று கையோடு இழுத்துப்போய் உட்கார வைத்தார். ஒரு சட்டைக்கு மூன்று காஜா எடுத்த பிறகுதான் அத்தையால் தப்பி வர முடிந்தது. மணி பதினொன்றரை.

"இன்னும் ரெண்டு பேர்கிட்ட வழி கேளு அத்தை, முழுச் சட்டையும் தைச்சிரலாம்."

"வாயை மூடு, குரங்கே. குடிகாரின்னு நெத்தியில ஒட்டிக்கிட்டா கேக்க முடியும்? வா, வீட்டுக்குப் போலாம்."

வீட்டுக்குப் போகிற வழியில் எத்தனை கடை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நேராகக் காவலாளியிடம் போனேன்.

"அண்ணே, குடியை விடுறவங்க கூடுற ரூம் எது?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். பால் குடிச்சே கெட்டுப்போயிட்டேன்."

அவர் என் பின்னால் நின்ற அத்தையைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரை மடித்தார். "மூணாவது மாடி, கடைசிக் கதவு. தொறந்துதான் இருக்கும்மா, போங்க."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. ஒன்றில் ஒரு பெரியவர். மற்ற பதினொன்றும் காலி. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பல் செட் செய்யறவன். குடிய விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு. இந்த வாரம் ஒரு நாள் ரொம்ப ஆசையா இருந்துச்சு. குடிக்கல. என் முறை முடிஞ்சது. அடுத்தவர் பேசலாம்."

பிறகு பக்கத்துக் காலி நாற்காலியை நோக்கித் திரும்பி, அங்கே யாரோ பேசுவதுபோல் தலையைச் சற்றுச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் ஆனதும், "நன்றி" என்றார். அடுத்த காலி நாற்காலிக்குத் திரும்பினார்.

இப்படி ஒருவரை நடித்துக் காட்ட எனக்கு அரை நிமிடம் போதும். தெருவே சிரிக்கும். அன்றைக்கு என் முகம் அசையவில்லை. அந்த ஆள் நடிக்கவில்லை. அவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை, நான் வாய் கிழியப் பேசியபோதுகூட.

அத்தை உள்ளே போய்விட்டாள். "யாருமே இல்லாம எதுக்குங்க இது?"

அவர் திடுக்கிடவில்லை. "மொத தடவை நான் வந்தப்ப ஆள் சேரலைன்னு ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. திரும்பிப் போயிட்டேன். மறுபடி இந்தப் படி ஏற எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அதான், ஆள் வந்தாலும் வராட்டியும் கூட்டம் முழுசா நடக்கும். உக்காருங்க. அடுத்தவர் பேசலாம்."

அத்தை உட்கார்ந்தாள். "நாலு நாள்" என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

முடிந்ததும் அத்தையின் கையில் ஒரு சாவியை வைத்தார். "அடுத்த சனிக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். நீங்க வந்து தொறக்கணும்."

"ஐயா, நான் நாலு நாள் ஆளு."

"கதவு தொறக்க நாலு நாள் போதும்மா."

அந்த வாரம் அத்தை வீட்டுச் சுவரிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். என்னைக் காரணமில்லாமல் பன்னிரண்டு தடவை திட்டினாள், காரணத்தோடு நாற்பது தடவை. வியாழக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கழற்றி வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை பத்தரைக்கே அறையைத் திறந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். பதினொன்று ஆகியும் யாரும் வரவில்லை. கூட்டத்துக்கு வெளியாள் என்பதால் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"நான் இஸ்திரி போடுறவ. பதினோரு நாள் ஆச்சு" என்றாள். என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். கடைசியில், "என் முறை முடிஞ்சது. அடுத்தவர் பேசலாம்" என்றாள்.

பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். காலி நாற்காலியைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, கைகளை மடியில் வைத்து, முழு ஐந்து நிமிடமும் என் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள்.