அண்ணன் தேடிய விக்கெட் கீப்பர்

எங்கள் அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. "உங்க அண்ணனப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க தம்பி" என்று மதினி கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன். அதோடு என்னைப் பற்றிய கெட்டது ஒன்றும் சேர்ந்தே வரும். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அண்ணன் பிறந்தது இலத்தூரில். அப்பா இறந்ததும் கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு வயலைப் பார்த்தார். பின்பு தென்காசியில் உரக்கடை வைத்தார். அக்காவைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் படிக்க வைத்தார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டவை, அந்தக் காலத்தில் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகள் மட்டுமே. பள்ளி நாளில் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கியவர் ஐம்பது வயதிலும் விடவில்லை.

அந்தக் கார்டுகள் மேல் எனக்குப் பொறாமை. என் முகத்தைப் பார்த்ததைவிட அவற்றைத்தான் அதிகம் பார்த்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு விக்கெட் கீப்பரின் கார்டை எடுத்து என் கணக்கு நோட்டின் மேலுறைக்குள் ஒளித்தேன். இரண்டு நாள் தவிக்கட்டும், பிறகு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் யாரையும் சந்தேகப்படவில்லை. தேடக் கிளம்பிவிட்டார். அதன்பின் கொடுக்க வெட்கமாகிவிட்டது.

அதைத் தேடித்தான் குற்றாலம் போனார். சீசனுக்கு வரும் பிள்ளைகள் விட்டுச் செல்லும் கார்டுகளை, லாட்ஜில் வேலை பார்க்கும் முருகையா அண்ணாச்சி எடுத்து வைக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போனவருக்குக் கார்டு கிடைக்கவில்லை, அண்ணாச்சி கிடைத்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருவரும் லாட்ஜ் வரவேற்பறையில் ஆல்பமும் கையுமாக இருப்பார்கள். குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்க்காமல், அருவியில் நனையாமல் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் அண்ணன்தான். கையில் பிசுக்கோ ஈரமோ இருந்தால் கார்டு கெட்டுவிடுமாம். ஒருமுறை நானும் போயிருந்தேன். எண்ணெய்க் குளியல் முடித்து, ஆசையாக ஆல்பத்தைத் தொடப் போனேன்.

"ஏலே, தொடாதலே! அங்கன போய் உக்காரு" என்று அண்ணன் விரட்டினார். அண்ணாச்சி மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

சிறுநீரகம் பழுதாகி அண்ணன் படுத்தபோது, விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கூடவே இருந்தேன். ஒளித்த கார்டைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் காலையில் அண்ணாச்சி மருத்துவமனைக்கு வந்தார்.

"இந்தாரும் வே, கெடைச்சிட்டு!" என்று ஒரு கார்டை நீட்டினார். அதே விக்கெட் கீப்பர். கேரளத்தில் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார்.

அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பாத்தியாலே, கூடப் பொறந்தவன் மாதிரி அலைஞ்சிருக்காரு" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். என் கார்டு பையிலேயே கிடந்தது. அடுத்த வாரம் அண்ணன் போய்விட்டார். அவர் சொல்லியிருந்தபடி மதினி ஆல்பத்தை அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், ரத்தம் கொடுத்த இலத்தூர் உறவினர்களுக்கும், வேளை தவறாமல் எங்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முருகையா அண்ணாச்சி, உங்களுக்கும் நன்றி. நான் திருடியதால்தான் அண்ணன் உங்களைத் தேடி வந்தார். என் இடத்தை நானே உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் இப்போது உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அதிலும் எனக்குப் பொறாமைதான்.