பூஜையில் வைத்த ரிவால்வர்

அந்த நாட்களில் என்னிடம் ஒரு ரிவால்வர் பெட்டி இருந்தது. ரிவால்வர்தான் இல்லை. பித்தளை மூலைகள் வைத்த, நூறு வயது தாண்டிய மஹோகனிப் பெட்டி. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டி, தடுப்புத் தடுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒரு தடுப்பில் வெடிமருந்துக் குடுவை, ஒன்றில் ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, இன்னொன்றில் பொறி கிளப்பும் செப்புக் கேப்புகள் போட்டுவைக்கும் தகர டப்பி. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நடுவில் மட்டும் வெறும் இடம். ரிவால்வர் படுத்திருந்த தடம் துணியில் அப்படியே பதிந்திருந்தது.

மொன்ட்ரியாலில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்த நிமிஷமே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளன் நான். ஒரு எலியைக்கூட அடித்ததில்லை. எதற்கு அந்த ஆசை என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழும். எந்தக் கப்பலில் வந்ததோ, யார் இடுப்பில் இருந்ததோ என்று மனம் எங்கெங்கோ மிதந்து போகும். கையிலிருக்கும் காபி ஆறிப்போயிருக்கும்.

"பொண்ணே பார்க்காம சத்திரம் பிடிச்ச கதையால்ல இருக்கு," என்பாள் என் மனைவி.

அந்தப் ‘பெண்’ ஆற்றுக்கு அக்கரையில், லொங்கேய் ஊரில் இருந்தாள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், மனைவியை இழந்த பிரெஞ்சுக்காரர், பெட்டியில்லாத ரிவால்வர் ஒன்றை வைத்திருந்தார். என்னைப் போன்ற கிறுக்கர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அறிமுகமானோம். அவர் முதல் தடவை என் வீட்டுக்கு வந்து, அந்த நீலக்கருப்பு ரிவால்வரைத் தடத்தில் இறக்கியபோது அது ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம்: உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்!

அவரும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை வருவார். ரிவால்வரை ஃபிளானல் துணியில் சுற்றி, ரொட்டிப் பையில் போட்டு, ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் கொண்டுவருவார். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருப்போம். அதிகம் பேச மாட்டோம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய பிரெஞ்சும் அவ்வளவுதான். கிளம்பும்போது அவர் அதை வெளியே எடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. தூங்குகிற குழந்தையை எழுப்பி அழைத்துப்போவது போலிருக்கிறது என்று ஒருமுறை அவரே சொன்னார்.

ஒரு அக்டோபரில் அவர் வரும் சனிக்கிழமையும் ஆயுத பூஜையும் ஒன்றாக வந்தன. மாவிலைக்குப் பதில் சிவந்த மேப்பிள் இலைகளைத் தோரணம் கட்டியிருந்தாள் என் மனைவி. பொரிக்குப் பதில் சூப்பர் மார்க்கெட் அரிசிப் பொரி சீரியல். நான் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், புத்தகங்கள், அவளுடைய தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாம் வரிசையாக இருந்தன. அவர் வழக்கம்போல ரிவால்வரைப் பெட்டியில் வைத்தார். நாங்கள் சமையலறையில் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டி பூஜையில் இருக்கிறது. ரிவால்வரின் குழலில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஆயுத பூஜைன்னு பேர் வெச்சுட்டு, வீட்ல இருக்கற ஒரே ஆயுதத்தை விட்டுட முடியுமா?" என்றாள்.

விளக்கு வெளிச்சத்தில் அது ரொம்ப அழகாக இருந்தது. அவருக்கும் சந்தோஷம். ஆரத்தி முடிந்ததும் ரிவால்வரை எடுக்கக் கையை நீட்டினார்.

"ஐயையோ, தொடக்கூடாது! நாளைக்குக் காலைல புனர்பூஜை ஆனப்புறம்தான் எடுக்கணும்."

கூச்சத்தோடு மொழிபெயர்த்தேன். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சரி, ஒரு ராத்திரி அங்கேயே தூங்கட்டும் என்று சொல்லி, வெறும் பையோடு கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை டை கட்டிக்கொண்டு, கையில் கேக்கோடு வந்தார். புனர்பூஜை முடிந்தது. நான் பஞ்சால் சந்தனத்தை ஒற்றியெடுத்தேன். அடியில், பொட்டு அளவுக்கே, பழுப்புத் துரு.

"எண்ணெய்ப் பிசுக்கா இருந்துது. நல்லா துடைச்சுட்டுத்தானே பொட்டு வெச்சேன்," என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

இரும்பைக் காப்பாற்றுவதே அந்த எண்ணெய்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "பெட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் நம்பினேன். மனுஷன் "மெர்சி" என்று நன்றி சொல்லி எடுத்துக்கொண்டார்! பெட்டி பையில் கொள்ளவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். மாதச் சனிக்கிழமைகளும் அத்தோடு நின்றுபோயின.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று அழைப்பு மணி அடித்தது. பெட்டியை அணைத்தபடி அவர் நின்றார். முன்கூட்டியே ஃபோன் செய்து என் மனைவியிடம் தேதி கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் மூச்சுவிடவில்லை. துருவைத் தேய்த்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, எண்ணெய் மட்டும் தடவியிருந்தார். என் மனைவி இம்முறை மூடியில், மரத்தின்மேல் பொட்டு வைத்தாள். அவர் வெறுங்கையோடு போய் மறுநாள் காலை வந்து எடுத்துப்போனார். பிறகு வருஷா வருஷம் அப்படித்தான். அந்த ஒரு மாலை முழுக்க நான் விளக்கின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பெட்டியை எடுத்துப்போன கோபமெல்லாம் எங்கேயோ கரைந்துபோயிருந்தது.

எழுபதுகள் முடியும் சமயத்தில் ஒரு வருஷம் அவருக்குப் பதில் அவர் மகள் பெட்டியோடு வந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், வீட்டுக்குத் திரும்பமாட்டார் என்றாள். என் மனைவி பெட்டியை வாங்கி அதன் வழக்கமான இடத்தில் வைத்து, பொட்டிட்டாள். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "நாளை எடுக்க வரவேண்டாம் என்று அப்பா சொன்னார்."

மறுநாள் காலை புனர்பூஜை முடிந்தது. என் மனைவி புத்தகங்களை எடுத்தாள், ஸ்லைடு ரூலை என் கையில் கொடுத்தாள், தையல் மெஷினை நகர்த்தினாள். பெட்டி மட்டும் மிச்சமிருந்தது.

"எடுத்துக்கோங்க. இனிமே உங்களுதுதானே," என்றாள்.

எத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தை! என் கை போகவில்லை.

"இருக்கட்டும்," என்றேன். "அவர் வந்து எடுத்துப்பார்."