பெரட்டுக்களத்துத் தேர்தல்

பதுளையில் ஒரு பாடசாலையில் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். முறைகேடாக அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டவர்களிடமிருந்து சட்டத்தால் அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியும் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்கிறேன். சொன்ன கையோடு கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். என் முகத்தை அந்த நேரத்தில் அவர்கள் பார்க்க வேண்டாம். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். நான் படிப்பிக்கிற பாடத்தை வைத்துக்கொண்டு நானே வெட்கப்படும்படி ஆனது அவனால்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அவன்தான் தலைவர். தொழிற்சங்கத்துக்கும் தலைவர், மரண உதவிச் சங்கத்துக்கும் தலைவர். கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஆட்டோ பிடித்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் அவன்தான். தோட்டத்தை நடத்துகிற துரையோடு மல்லுக்கு நிற்கவும் அவனை விட்டால் ஆளில்லை. ஆனால் தான் ஒருவன் இல்லாவிட்டால் தோட்டமே நாறிப்போகும் என்று மனதார நம்புகிறான். அப்படி நம்புகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

மரண உதவிச் சங்கம் என்பது தோட்டத்தில் சின்ன விஷயம் இல்லை. ஒரு சாவு விழுந்தால் கூடாரத்துணி, கதிரைகள், தேத்தண்ணி வைக்கிற பெரிய பானைகள், பெட்டி, குழி வெட்ட ஆட்கள் எல்லாம் சங்கத்திலிருந்துதான் வர வேண்டும். கோயில்காரர்கள், எங்களைப் போலக் கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. சங்கத்துக்கு விதிகளை எழுதிவைத்த ஒரு யாப்பு உண்டு. நானும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவள், யாப்பை எழுதிக் கொடுத்தவளே நான்தான். செயலாளரைப் பொதுக்கூட்டம் கூட்டித்தான் நீக்கலாம், சங்கத்துச் சாமான்களை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். எழுதியபோது பெருமையாக இருந்தது.

செயலாளராக இருந்தவள் ஒரு கொழுந்து பறிக்கிற பெண். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். நான் எவ்வளவு சொல்லியும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் அம்மா வெகுநாளாகப் படுத்த படுக்கை. சாமான் அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது.

2018 ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜனாதிபதி பிரதமரைத் தூக்கிவிட்டு வேறொருவரைப் பிரதமர் ஆக்கினார். கொஞ்ச நாளில் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள். பாராளுமன்றத்துக்குள்ளேயே மிளகாய்த்தூள் வீசினார்கள். எங்கள் தோட்டத்திலோ முதல் நாளே வெடி கொளுத்தியாகிவிட்டது, பாராளுமன்றத்தைக் கலைத்த அன்றும் கொளுத்தினார்கள். யார் வந்தாலும் வெடி கொளுத்துவது எங்கள் ஆட்களின் பழக்கம், வருகிறவர் எப்படி வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. பாராளுமன்றம் போட்ட சட்டத்தாலேயே ஓட்டுரிமையை இழந்து தலைமுறைக் கணக்கில் நாடற்றவர்களாக இருந்த ஜனங்கள் நாங்கள். பாராளுமன்றத்தைப் பூட்டியதற்கு நாங்களே வெடி போட்டோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அண்ணன் புதிய பிரதமரின் ஆட்களை வரவேற்க ஒரு கூட்டம் வைக்கப் பார்த்தான். அதற்குச் சங்கத்துக் கதிரைகளைக் கேட்டான். செத்த வீட்டுச் சாமான் அரசியல் கூட்டத்துக்குப் போகாது என்று அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், இனி இவள் செயலாளர் இல்லை, சாவி என்னிடம் இருக்கும் என்று அறிவித்தான். வரிசையில் நின்றவர்கள் "சரிங்க" என்றார்கள். அந்தக் களத்தில் என்ன சொன்னாலும் அதுதான் பதில்.

கேள்விப்பட்டு நான் ஓடினேன். "யாப்ப வாசிச்சுப் பாத்தியாண்ணே?" என்று கேட்டேன்.

"நாட்டுல பிரதமரையே மாத்துறாங்க, ஏன்னு கேக்க ஆளில்ல. நான் ஒரு செயலாளர மாத்துனா ஒனக்குப் பொறுக்கலையா?" என்று சிரித்தான். அண்ணிகூடச் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கீழ் லயத்தில் ஒரு பையனுக்கு மட்டும் வாய் இருந்தது. கூட்டம் போடாமல் எப்படி நீக்கினீர்கள் என்று எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கேட்டுவிட்டான். அதே மாதம் அவன் அப்பா செத்துப்போனார். நல்ல மழை. கூடாரமும் வரவில்லை, கதிரையும் வரவில்லை. சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான். நானும் அந்தச் செத்த வீட்டில் நின்றேன். வாசலில் பெட்டியின் மேல் யாரோ கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்துப் பிடித்தார்கள். பக்கத்து வீடுகளில் சின்னச் சட்டிகளில் தேத்தண்ணி வைத்து வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அடக்கம் பண்ணப் பெட்டியைத் தூக்கியபிறகு சாவி கிடைத்துவிட்டது. தலைவரின் தங்கச்சி நிற்கிறாள் என்று யாரோ எனக்கு மட்டும் ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன்.

டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பாராளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, பழைய பிரதமரே திரும்பவும் பிரதமர் ஆனார். பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சொன்னதெல்லாம் பொய்யில்லை என்று ஆகிவிட்டதே!

அண்ணன் பத்திரிகையை வாங்கிப் படித்தான். கோபப்படுவான் என்று பார்த்தால், "சரி, அப்ப நம்மளும் முறையாவே செஞ்சிருவோம். தேர்தல் வைப்போம். அவளும் கேக்கட்டும், நானும் கேக்குறேன். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க தலைவரு, சாவியும் அவங்களுக்கு" என்றான். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, அண்ணன் திருந்திவிட்டான் என்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அவளை நிற்கச் சொல்லி வீட்டுக்கே போய்க் கேட்டேன். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கு டீச்சர் வம்பு?" என்றாள். கை தூக்குகிற தேர்தல் இல்லை, ரகசிய வாக்கு, யார் யாருக்குப் போட்டார்கள் என்று கடவுளுக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு, "சரி, நீங்க சொன்னா நிக்கிறேன்" என்றாள்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, தேர்தல். எல்லோரும் கூட வேறு இடம் இல்லாததால் பெரட்டுக்களத்திலேயே வைத்தோம். களத்துக் கொட்டகையின் மூலையில் என் சேலையை மறைப்பாகக் கட்டினேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டில் அண்ணனுக்குக் குடை, அவளுக்குப் பூ என்று படம் போட்டிருந்தேன். பிஸ்கட் பெட்டியில் துளை போட்டு வாக்குப் பெட்டி. எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. பாதி வயது ஓட்டில்லாமல் வாழ்ந்தவர். முதல்முறை ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று யாருக்குப் போட்டீர்கள் என்று அம்மா எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. அது என் சொத்து என்றார். அவர் இருந்து இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்காமல் போனது நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்த உடுப்போடு வந்த ஜனம், களத்துக்குள் கால் வைத்ததும், யாரும் சொல்லாமலே தினமும் நிற்கிற வரிசையில் போய் நின்றது. அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றான். வாக்குப் பெட்டிக்குப் போகிற வழியும் அதுதான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் போன கிழவர் சேலைக்குப் பின்னால் கோடு போட்டுவிட்டு வெளியே வந்தார். சீட்டை மடிக்கவில்லை. அண்ணன் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, "பாத்துக்கங்க தலைவரே, கொடைக்குத்தான்" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். பிறகுதான் பெட்டியில் போட்டார். அடுத்து வந்த பெண்ணும் காட்டினாள். அவளுக்கு அடுத்தவளும் காட்டினாள்.

"காட்டக் கூடாது! மடிச்சுப் போடுங்க!" என்று கத்தினேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மடிச்சுப் போட்டா பூவுக்குப் போட்டேன்னு நெனச்சுக்குவாரு புள்ள" என்றாள். காட்டு என்று அண்ணன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மழையில் பெட்டியைத் தூக்கிய அந்தக் கீழ் லயத்துப் பையன்கூட விரித்துக் காட்டிவிட்டுத்தான் போனான், தலையை நிமிர்த்தாமல். எனக்கு அழுகை வந்தது. ரகசிய வாக்கு என்று சொல்லி அத்தனை பேரையும் ஒவ்வொருவராக அவன் முன்னால் சரணடைய வைத்தது என் ஏற்பாடுதான்.

கடைசியில் அவள் வந்தாள். சேலைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வந்து அண்ணன் முன்னால் சீட்டை விரித்தாள். குடைக்கு நேரே கோடு.

எண்ணுகிற வேலையே இல்லை, ஆனாலும் எண்ணினோம். பூவுக்கு ஒன்று விழுந்திருந்தது. காட்டாமல் மடித்துப் போட்டவள் நான் ஒருத்திதான் என்பதால் அது யாருடையது என்று களம் முழுவதுக்கும் தெரிந்தது. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "இருக்கட்டும், ஜனநாயகம்தானே, எங்க தங்கச்சிக்கு இல்லாத உரிமையா?" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவளைத் தனியே பிடித்து, உனக்கே நீ ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லையே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவில்லை.

"அம்மா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்குது. அதைப் படங்குக்குக் கீழ வச்சு அனுப்ப முடியாது டீச்சர். நீங்க பூவுக்குப் போடலாம். ஒங்க வீட்டுல ஒரு சாவுன்னா ஒங்க அண்ணன் வராம இருப்பாரா?"

ரோட்டில் பதுளை பஸ் வரும் சத்தம் கேட்டது. அண்ணன் முன்னால் ஓடிப்போய்க் கை காட்டி நிறுத்தினான். "நம்ம தங்கச்சி, டீச்சரு" என்று கண்டக்டரிடம் சொல்லி, முன் சீட்டில் இருந்த ஒரு தோட்டத்து அம்மாவை எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். நான் உட்கார்ந்துகொண்டேன்.