காப்பிலிருந்து சொட்டிய சிவப்பு

எங்கள் ஊர் மதுக்கரைக்குப் பக்கம். வானத்திலிருந்து மழையை விட்டால் சிமெண்டு ஆலைத் தூசிதான் விழும். ஆகவே வெள்ளையாக எது விழுந்தாலும் யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டார்கள். சிவப்பாக விழுந்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கு எங்கள் வீடே கதிகலங்கிப் போனது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அவளுக்கு உப்புச்சர்க்கரை மாற்றும் நாள் அது. உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரிதான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது. மாப்பிள்ளை அப்பாவைவிட மூத்தவர், மனைவியை இழந்தவர். "நல்ல தோட்டம், கரண்டு மோட்டார் வெச்ச கெணறுங்க" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை. மாட்டைக் கேட்டா சந்தைக்கு ஓட்டுகிறார்கள்?

பொங்கலுக்கு முந்தின நாள் கூரை இறவாரத்தில் செருகிய காப்பு, அதாவது வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்ந்த கொத்து, வாசலுக்கு நேர் மேலே காய்ந்து தொங்கியது. வீட்டைக் காப்பதே அதுதான் என்பதால் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சலவைச் சட்டையோடு வில்வண்டியிலிருந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். முதுகில் ஒரு சொட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் நல்ல சிவப்பு.

அம்மா கையிலிருந்த சொம்பு நழுவி உருண்டது.

"ஏனுங்க, உங்க காப்பு ரத்தங் கக்குதுங்க!" என்று அலறினாள் அவர் மனைவி. அந்த அலறலிலும் 'ங்க' விட்டுப்போகவில்லை.

"பல்லி ஏதாச்சும் அடிபட்டிருக்குமுங்க, உள்ள வாங்க" என்று அப்பா குழறினார். சொல்லி வாய் மூடவில்லை, அந்த அம்மாள் ஏந்தியிருந்த தாம்பாளத்து உப்பில் அடுத்த சொட்டு விழுந்து பரவியது.

"உப்பு மேலயே ரத்தம் பட்டுப்போச்சு. இனி என்னத்தைங்க மாத்தறது?" என்றார் பெரியப்பா. எல்லோரும் வாசலைவிட்டு ஒதுங்கி ஓடினார்கள். தலைதூக்கிப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நான் உள்ளே அத்தையிடம் ஓடினேன். வாசலை ஒட்டிய ஜன்னலோரம் நின்று காப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். காப்புக் குச்சிகளில் பழுப்புக் கூடுகள் சில வெடித்துக் கிடந்தன. அவற்றைப் பற்றிக்கொண்டு பட்டாம்பூச்சிகள் ஈர இறகை விரித்தன. கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்தவை. வாய்க்கால் ஓரத்துப் பருப்புக்கீரையை மொட்டையடித்த முள்ளுப் புழுக்கள்தான் ஏறி வந்து கூடு கட்டியிருக்கின்றன. இறகு விரிந்ததும் உடம்பில் மிஞ்சியதைச் சிவப்பாகக் கழித்துவிடுவது அந்த இனத்தின் வழக்கம் என்று பிற்பாடு படித்தேன். அப்போது கண்ணெதிரே ஒன்றின் வாலிலிருந்து சிவப்பு சொட்டியதைப் பார்த்தேன், அதுவே போதும்.

கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை பொத்திவிட்டாள்.

"கண்ணு, ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

அவள் உள்ளங்கை சில்லிட்டு நடுங்கியது. வெளியே வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது. பாவம், அத்தைக்குப் பூச்சியென்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

"பயப்படாதீங்க அத்தை, அது கடிக்காதுங்க" என்றேன்.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனூண்டு பூச்சிக்கா பெரியவர்கள் இப்படி அழுவார்கள் என்று எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.