லியோனுக்கு ஒரு கோடு

சாப்பாட்டு மேசையில் மலையை விரித்து வைத்துவிட்டு, அதன் ஓரத்தில் தட்டை வைக்கச் சொல்லும் வீட்டை இத்தாலியின் தெற்கே பலெர்மோவுக்கு வந்த பிறகுதான் கண்டேன். நான் வேலை செய்த வீட்டுக்காரர் சுரங்கப் பாதை இஞ்சினியர். வட இத்தாலியின் தொரினோவிலிருந்து எல்லைக்கு அப்பால் பிரான்சின் லியோன் நகருக்கு அதிவேக ரயில் விடும் திட்டத்தில் இருந்தார். மாதத்தில் பாதி வடக்கே கழியும். மீதி நாட்களில், அல்ப்ஸ் மலையை எங்கே துளைப்பது என்று வரைபடத்தைக் காட்டி விருந்தாளிகளோடு வாதாடுவார். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஏற்கெனவே ரயில் ஓடுகிறது. அது மெதுவாகப் போகிறதாம். பாஸ்தாப் பாத்திரத்தோடு பின்னால் நிற்கும் எனக்கு வயிறு எரியும்.

மன்னாரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த எரிச்சலை விளக்கத் தேவையில்லை. தலைமன்னார் இறங்குதுறை வரை ரயிலில் போய், கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி வேளாங்கண்ணிக்குப் போய்வந்த குடும்பம் எங்களுடையது. நானும் தங்கை செலினும் கப்பலில் ஒரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தோம். சண்டை வந்தது. கப்பல் நின்றது, பிறகு ரயிலும் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இங்கேயோ, ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரண்டு நாடுகள், பக்கத்து வீட்டுக்கு இன்னும் கெதியாகப் போக வழி தேடுகின்றன.

செலின் லியோனில்தான் இருந்தாள். ஊரைவிட்டுப் புறப்பட்டபின் நாங்கள் சந்திக்கவேயில்லை. அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்தபோது ரெலிபோனில் சொன்னாள்: "நீதான் ஞானத்தாய், அக்கா. வேறை ஒருத்தரையும் விடமாட்டன்."

ஞானஸ்நானத்துக்கு வாறன் என்று சொல்லிவிட்டேன். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதும், அது இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்பதும் இருவருக்கும் தெரியும்.

ஒரு மதியம், மேசையைத் துடைக்காமல் வரைபடத்தில் லியோனையே நான் பார்த்துக்கொண்டு நின்றதை இஞ்சினியர் கவனித்து, காரணம் கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் ஞானஸ்நானத்துக்குப் போயேன்" என்றார்.

"பெர்மெஸ்ஸோ இல்லை" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் மனைவியோடு சத்தம் போட்டார். இத்தாலியனில் அதே சொல்லுக்கு வேலையிலிருந்து எடுக்கும் லீவு என்றும் பொருள் உண்டு. வீட்டு அம்மாவான சிஞ்ஞோரா ஓடிவந்து, தான் எப்போது மறுத்தேன் என்று மனம் நொந்து கேட்டார். ஒரு கிழமை லீவு தந்தார். மலைப்பக்கம் குளிரும் என்று தன்னுடைய கம்பளிச் சட்டையையும் தந்தார். நான் சொன்னது லீவை அல்ல, வதிவிட அனுமதியை என்று விளக்கினேன். கடைசியில் இஞ்சினியர், ஞானஸ்நானம் நடக்கும் நாட்களில் தனக்கு லியோனில் கூட்டம் இருப்பதாகவும், பிள்ளைக்கான என் பரிசைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார். நான் தைத்த ஞானஸ்நானச் சட்டை அவருடைய பெட்டியில் போனது.

சடங்கு முடிந்து செலின் ரெலிபோன் எடுத்தாள். "குறை நினையாதை அக்கா. பக்கத்து வீட்டு ஜெனிதான் ஞானத்தாயா நிண்டு பிள்ளையைப் பிடிச்சவ. இன்னும் தள்ளிப்போடேலாமல் போச்சு."

அதற்கென்ன, நல்லதுதானே என்றேன். முகமே தெரியாத அந்த ஜெனியை அன்று முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

இஞ்சினியர் சந்தோஷமாகத் திரும்பினார். விருந்தில் அவரையும் உட்காரவைத்து எங்கள் ஊர் றோல்ஸ் பலகாரம் கொடுத்திருக்கிறார்கள். செலின் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறாள். "உன்னுடைய மூக்குத்தான் அவளுக்கு" என்றார். நல்ல மனிதர். அவர் மேல் வந்த பொறாமை எனக்கு வேறெவர் மேலும் வந்ததில்லை.

மறுநாள் காலை சிஞ்ஞோரா இஞ்சினியரின் கோட்டைக் கொண்டுவந்து, தோளில் ஏதோ கறை, துடைத்துவிடு என்றார். பிள்ளை கக்கிய பால் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டு, கோட்டை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். புளித்த பால் மணத்தது. ஒரு கையில் ஈரத்துணி இருந்தது. மற்றக் கை, நான் சொல்லாமலே, கோட்டின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.