நாலாவது தட்டல்

இது நடந்தது. நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். நான் இயற்பியல் படித்தவள், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பேய் கீய் என்றால் சிரிக்கிற ஆள்.

படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. அரியாங்குப்பத்தில் ஒரு யூடியூப் சேனலுக்குப் பேய்க் கதை எழுதிக் குரலும் கொடுக்கிறேன். ஜனவரியில் ஒன்று கட்டிவிட்டேன்: மூன்று முறை தட்டினால் கதவைத் திறக்காதீர்கள், வந்திருப்பது செத்தவர், உயிரோடு இருப்பவர் நாலாவது முறையும் தட்டுவார். ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரே மாதத்தில், உழவர்கரையில் எங்கள் காம்பவுண்டே நாலு தட்டு தட்ட ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர் போடுபவர்கூட.

"அது நான் வுட்ட கதைம்மா."

"நீ வுட்டா என்னடி? ஒம்போது லட்சம் பேரு பைத்தியமா?" என்றாள் அம்மா.

ஏப்ரல் 16. இரண்டு நாள் எடிட்டிங் முடித்து மதியம் வந்து பாயில் விழுந்தேன். மணி 2:40.

டக். டக். டக்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "போவாத."

"வுடும்மா, லூசு மாதிரி பண்ணாத."

2:43. டக். டக். டக். சத்தம் கீழிருந்து வந்தது... முழங்கால் உயரத்திலிருந்து. கதவடி இடுக்கில் வெயில் கோடு. அதில் நிழலே இல்லை.

எழுந்திருக்கவில்லை. அலுப்பு. இல்லை, பொய். எண்ணிக்கொண்டிருந்தேன்.

2:51. டக்.

டக்.

டக்...

நான் எழுதிய நாலாவது தட்டலுக்காக நானே காத்திருந்தேன்.

வரவில்லை.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தோம். வாசலில் யாரும் இல்லை.

ஐந்து மணிக்கு எதிர்வீட்டில் அலறல். தனியாக இருந்த அமுதவல்லி அக்காவைப் பார்க்க அவர் தங்கை வந்திருந்தார். அக்கா அடுப்படியில் கிடந்தார். சர்க்கரை நோயாளி. பகல் பன்னிரண்டுக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

"பாத்தியா, நான் சொல்லல?" அம்மாவுக்கு நிம்மதி. சேனல் ஓனர் விக்ரம் போனில், "செம கன்டென்ட். உன் வாய்ஸ்லயே போட்டுடு" என்றான். கட் பண்ணிவிட்டேன்.

டாக்டர் சொன்ன நேரம் சரியென்றால், தட்டியது யார்? தப்பென்றால், திறக்காதது நான். பேய்தான் என்று நம்பிவிட்டால் தூங்கலாம். ஒன்பது லட்சம் பேருக்கு வந்த நம்பிக்கை எனக்கு வந்து தொலைய மாட்டேன் என்கிறது.

அக்காவிடம் இருந்தது பட்டன் போன். எங்கள் காம்பவுண்டில் வீடியோ பார்க்காதவர் அவர் ஒருவர்தான். நாலு தட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.