கிரில்லுக்குப் பின்னால் கங்கப்பன்

ஜூஜுவாடி கங்கப்பனுக்குப் போலீஸ் பயம் கிடையாது. காரில் எக்ஸ்ட்ரா லைட் கண்ணில் பட்டால்தானே பிடிப்பார்கள்? அவன் கடைக்கு வருகிற காரின் பம்பரைக் கழற்றி, கிரில்லுக்குப் பின்னால் லைட் பாரைப் பதுக்கிவிடுவான். சுவிட்சு ஸ்டியரிங்குக்குக் கீழே. பகலில் பார்த்தால் வண்டி பரம சாது. இருட்டில் தட்டிவிட்டால் எதிரே வருகிறவன் கதி அதோகதி. இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், அந்தப் பக்கம் கர்நாடகா போலீஸ், நடுவில் உட்கார்ந்து இந்தத் திருட்டு வேலையைப் பயபக்தியோடு செய்துகொண்டிருந்தான்.

அவன் பயந்ததெல்லாம் மேகலாவுக்குத்தான்.

மேகலா அவன் சம்சாரம். சிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளைப் பொழுது சாய மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போவான். எதிரே எவனாவது கண் கூச லைட் அடித்தால் பின்சீட்டில் அர்ச்சனை ஆரம்பித்துவிடும். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். வண்டி தாண்டியதும் திரும்பி நம்பர் பிளேட்டைப் பார்ப்பாள். கேஏ என்றால் கன்னடம், ஏபி என்றால் தெலுங்கு, டிஎன் என்றால் பிறந்த வீட்டு மத்தூர்த் தமிழ். திட்டு வாங்குகிறவனுக்குப் புரிய வேண்டுமாம். அவன் அதற்குள் எல்லை தாண்டி அத்திப்பள்ளி போயிருப்பான்.

கடைசி வரி மட்டும் எப்போதும் தமிழ்தான். "இத மாட்டி உட்டான் பாரு, அவங் கை வெளங்காமப் போவ!"

கங்கப்பன் "ஆமாமா" என்று தலையாட்டுவான். ஹாரன், பேட்டரி பார்க்கிற கடை என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். உண்மை தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கிலி உள்ளுக்குள் இருந்தது.

ஒரு சனிக்கிழமை வளைவில் ஒரு கார் வந்தது. கிரில் கம்பிகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகப் பாய்ந்தது. மொபெட் ரோட்டை விட்டு ராகிக் காட்டுக்குள் இறங்குகிற அந்த நொடியிலும், ஒரு கோடுகூடக் கோணவில்லை, நம்ம வேலை என்று கங்கப்பனுக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் கெட்ட மனுசன்.

கார் நின்றது. மேகலா முகமெல்லாம் சேறாக எழுந்தாள். முழங்கைத் தோல் உரிந்திருந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தாள், டிஎன். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அதற்குள் காரை ஓட்டி வந்த பாகலூர் மணிகண்டன் செல்போன் டார்ச்சோடு ஓடி வந்துவிட்டான்.

"அய்யோ, கங்கப்பண்ணா, நீங்களா! அக்கா, அடி பட்ருச்சா? லைட்ட அணைக்க மறந்துட்டங்க்கா. ஆனா சும்மா சொல்லக்கூடாதுண்ணா, நீங்க மாட்டுன லைட்டு பகலாட்டம் அடிக்குது!"

மேகலா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மொபெட்டை நிமிர்த்தி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் இன்னொரு கார் கண்ணைக் குத்தியது, அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. அவள் முழங்கை ரத்தம் தன் சட்டையில் ஈரமாக ஒட்டியபோது கங்கப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்தி, "திட்டித் தொலையேன் மேகலா" என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த பாஷையில திட்டறது? உங்களுக்குத்தான் நம்பர் பிளேட்டே இல்லியே."